ஆலோசனை பெறாத பண்ணை

அய்யாக்கண்ணு கஞ்சர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரப்போகும் மன்றத்தார் பினாங்கு முழுக்கப் பரப்பிவிட்ட பேச்சை நீங்களும் நம்பிவிடுவீர்கள். சுங்கை பாக்காப்பில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிப் பதினான்கு கறவை மாடுகள் வைத்திருந்த மனிதர் அவர். மாட்டு டாக்டர் பிரியந்திக்கு ஊசிக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று கேட்ட காசை அன்றன்றே எண்ணிக் கொடுத்துவிடுவார். வாயால் சொன்ன யோசனைக்கு மட்டும் அந்த அம்மா ஒன்பது வருடமாக ஒரு காசு வாங்கியதில்லை. மடிவீக்கம் வராமலிருக்க என்ன செய்யலாம், கன்றை எப்போது பிரிக்கலாம், இந்தப் புண்ணாக்கு நல்லதா அந்தப் புண்ணாக்கு நல்லதா என்று இவர் கேட்பார். டாக்டர் தன் காடியின், அந்தப் பழைய காரின், கதவைத் திறந்து, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே வைத்தபடி, அரைமணி நேரம் சொல்லிவிட்டுப் போவார்.

அது அய்யாக்கண்ணுவுக்கே உறுத்தியது. ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டிப் பார்த்திருக்கிறார். வாய் பேசியதற்கெல்லாம் காசு எதற்கு என்று டாக்டர் சிரித்துவிடுவார். அதனால் மனைவி மீனாட்சி இரண்டு போத்தல் பாலைச் சத்தமில்லாமல் காடியின் பின்ஸீட்டில் வைத்துவிடுவாள். யோசித்துப் பார்த்தால், மாடுகளைக் காப்பாற்றியது அந்த அரைமணி நேரப் பேச்சுதான். பேச்சைக் கேட்டதால் நோய் வரவில்லை. நோய் வராததால் ஊசி தேவைப்படவில்லை. ஊசி போடாததால் டாக்டருக்கு வருமானமும் வரவில்லை. வேலை ஒழுங்காகச் செய்யச் செய்ய அந்த அம்மா ஏழையாகிக்கொண்டிருந்தார். அவருடைய காடிக்கு வயது பதினாறு.

இந்த அநியாயத்தைத் தீர்த்துவைக்கத்தான் கால்நடை ஆலோசனை மதிப்பு மன்றம் பிறந்தது. நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. இப்படிப்பட்ட மன்றங்களின் நோக்கத்தில் யாரும் எப்போதும் குறை கண்டதில்லை.

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மன்றம் குடியேறியது. பதினோரு உறுப்பினர்கள், நீளமான மேசை, ஆளுக்கொரு மைக். தலைவர் டாக்டர் அப்புத்துரை. பிரியந்தியைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த படித்த குடும்பம். பிரியந்தியின் அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். மாடு தொட்டு இருபத்திரண்டு வருடமாகிறது என்றாலும், பினாங்குப் பாலத்தில் போகும்போது லோரியில் ஏற்றிய மாடுகளைக் கண்டால் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்ப்பார் என்று சொல்வார்கள்.

மன்றத்தின் முதல் தீர்மானம் இது: ஆலோசனையின் மதிப்பு விஞ்ஞான முறைப்படி நிர்ணயிக்கப்படும்வரை எந்த மாட்டு டாக்டரும் எந்தப் பண்ணைக்காரருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது. இலவசமாகவும் கூடாது, காசுக்கும் கூடாது. விலை தெரியாத சரக்கை விற்பது தொழிலுக்குச் செய்யும் துரோகம். ஊசி போடலாம், குழாய் விடலாம், தையல் போடலாம். வாயைத் திறக்கக் கூடாது. மீறினால் அந்த வருடத்து அனுமதிச் சீட்டு ரத்து.

அய்யாக்கண்ணுவுக்கு இதெல்லாம் தெரியாது. அந்த வாரம் அவருக்கு வேறு கவலை. பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் மாடு மேய்ந்த நிலமெல்லாம் பாக்டரியும் அடுக்குமாடியுமாகிப் பல காலமாயிற்று. செம்பனைப் புண்ணாக்கின் விலை வேறு ஏறிக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்து ஒரு ரொட்டி பாக்டரியின் லோரிக்காரன் வந்து, தேதி முடிந்த ரொட்டி வாரத்துக்கு இரண்டு டன் இருக்கிறது, கொட்டிவிட்டுப் போகவா என்று கேட்டான். வெள்ளை ரொட்டி, பன், கேக்கின் ஓரம். மனிதன் தின்கிற பண்டம். மாட்டுக்கு நாலைந்து துண்டு போட்டுப் பழக்கம் உண்டு. கூடைக் கணக்கில் போட்டுப் பழக்கமில்லை. போடலாமா, போட்டால் எவ்வளவு என்று டாக்டருக்கு வாட்ஸாப்பில் கேட்டார்.

வழக்கமாக ஐந்து நிமிடத்தில் பதில் வரும். அன்று ஒரு நாள் கழித்து இப்படி வந்தது: "தங்கள் கேள்வி பெறப்பட்டது. அதன் மதிப்பு இன்னும் நிர்ணயிக்கப்படவில்லை. மேல் விவரங்களுக்கு மன்றத்தை நாடவும்." கீழே தனியாக ஒரு வரி: "மன்னிச்சிருங்கண்ணே."

பஸ் பிடித்து, பாலம் தாண்டி, காலையில் கிளம்பியவர் பதினொரு மணிக்கு மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு கேள்விதான், கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன், காசும் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். கௌண்டரில் இருந்த சித்தி ஹாஜரா நல்ல பெண். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். ஆனால் கேள்விக்கு முன்னால் பாரம் நிரப்ப வேண்டும் என்றாள். எட்டுப் பக்கம், முழுக்க மலாயில்.

மாடுகளின் எண்ணிக்கை, வயது, கொட்டகையின் நீள அகலம் எல்லாம் எழுதிவிட்டு ஏழாம் பக்கத்தில் அய்யாக்கண்ணு நின்றார். 'இதுவரை பெற்ற ஆலோசனையின் மதிப்பு' என்று ஒரு கட்டம். ஒன்பது வருடத்தை நினைத்துப் பார்த்தார். அந்த அம்மாவின் பெருந்தன்மை மன்றத்தாருக்கும் தெரியட்டும் என்று, நன்றியோடு, பெரிய எழுத்தில் 'பெர்சுமா' என்று எழுதினார். இலவசம் என்று அர்த்தம். சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு வாங்கினால் கிண்ணம் பெர்சுமா என்று எழுதியிருக்குமே, அந்தப் பெர்சுமா.

மலாயில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. வீண், பிரயோஜனமில்லாதது.

பாரம் உள்ளே போனது. அரைமணி நேரத்தில் அவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். பதினோரு மைக்குகளுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டிருந்தது. பண்ணைக்காரர்களைக் கூப்பிட்டு மன்றம் நாற்காலி கொடுத்தது அதுதான் முதல் தடவை என்பதால் ஒருவர் போட்டோவும் எடுத்தார். அப்புத்துரை பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெகிழ்ந்துபோயிருந்தார்.

"ஐயா, ஒன்பது வருஷம் நீங்கள் பெற்ற ஆலோசனை வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நேர்மையைத்தான் நாங்கள் நாடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தோம்" என்றார்.

அய்யாக்கண்ணு பதறிப்போய், அப்படியில்லை, காசு வாங்கவில்லை என்பதைத்தான் எழுதினேன் என்றார். கதவருகே நின்ற சித்தி ஹாஜராவும், அந்தச் சொல்லை யாரும் முதலில் இலவசம் என்றுதான் படிப்பார்கள் என்று மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தாள். அப்புத்துரை அகராதியைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு அர்த்தமும் இருந்தன. மன்றம் வாக்கெடுத்தது. ஒன்பதுக்கு இரண்டு என்ற கணக்கில் இரண்டாவது அர்த்தம் நிறைவேறியது. இலவசமாகச் சொன்ன ஆலோசனை வீணாகத்தானே இருந்திருக்க முடியும், ஆகவே இரண்டு அர்த்தமும் ஒன்றுதான் என்று தலைவர் விளக்கம் கொடுத்ததும் எதிர்த்த இரண்டு பேரும் கையை மாற்றித் தூக்கினார்கள்.

பிறகு அவர் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு பேசினார். கேட்க வெளியாள் என்று அய்யாக்கண்ணு ஒருவர்தான் இருந்தார் என்பது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை.

"நான் முப்பத்தொரு வருஷம் ஆலோசனை சொன்னவன். ஒருத்தரும் காசு தரவில்லை. ஒருத்தரும் கேட்டு நடக்கவும் இல்லை. கேட்டு நடக்காதவர்களின் மாடுகளும் நன்றாகத்தான் இருந்தன. அன்றைக்கே நான் உணர்ந்தேன், இந்தத் தொழிலில் பிழை ஆலோசனையில் இல்லை, விலையில் இருக்கிறது. இன்று நான் மாட்டைப் பார்ப்பதில்லை. விலையை மட்டும்தான் பார்க்கிறேன். தொழிலுக்கு நான் செய்த பெரிய சேவை அதுதான்."

பத்துப் பேரும் மேசையைத் தட்டினார்கள். அய்யாக்கண்ணு, ஐயா அந்த ரொட்டி, என்று ஆரம்பித்தார். அதற்குள் ஜாஹிர் எழுந்தான்.

ஜாஹிர் மன்றத்தின் கட்டண நிபுணன். ஆலோசனைக்கு எப்படிக் கட்டணம் வாங்குவது என்று மன்றத்துக்கு ஆலோசனை சொல்ல, மாதா மாதம் கட்டணம் வாங்குபவன். கெடுதல் நினைக்கிறவன் என்று சொல்லிவிட முடியாது. அய்யாக்கண்ணுவின் பக்கத்தில் குனிந்து, தோளில் கை வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னான்.

"அண்ணே, சிம்பள் லா. டாக்டர் ஒரு வார்த்த சொல்றாங்க, உங்க மாடு சாகல. சரியா? ஆனா சாகாத மாட்டுக்கு என்னா ப்ரூஃப் இருக்கு? அது சும்மாவே சாகாம இருந்திருக்கும்னு ஒருத்தன் சொல்லிட்டா? வார்த்த இல்லாம எத்தன மாடு சாகுதுன்னு தெரிஞ்சாத்தான் வார்த்தயோட வேல்யூ தெரியும். அதுக்கு வார்த்தயே கேக்காத பண்ண ஒண்ணு வேணும். ஒன்பது வருஷமா யூஸ்ஃபுல்லா ஒண்ணுமே கேக்காத பண்ண, மலேசியாலயே உங்களோடதுதான் அண்ணே."

அய்யாக்கண்ணுவுக்கு அதில் கடைசி வரி மட்டும் புரிந்தது. அது ஏதோ பரிசுபோல ஒலித்தது. கையெழுத்துப் போட்டால் ரொட்டிக் கேள்விக்கு மன்றமே ஆறு வாரத்தில் முழுமையான பதில் தரும் என்றார்கள். அதுவரை என்ன செய்வது என்று கேட்டார். உங்கள் சுயபுத்திப்படி நடக்கலாம், அதில் மன்றம் தலையிடாது என்று எழுத்து மூலமாகவே உறுதி கொடுத்தார்கள். கையெழுத்து இல்லாமல் இவர்களிடமிருந்து எதுவும் வரப்போவதில்லை, டாக்டரோ இவர்கள் சொல்லாமல் வாயைத் திறக்கப்போவதில்லை. கையெழுத்துப் போட்டார். ஒரு தொப்பியும் கொடுத்தார்கள்.

இரண்டு நாளில் கொட்டகை வாசலில் மூன்று மொழியில் பலகை நட்டார்கள்: 'ஆலோசனை பெறாத பண்ணை. இங்கே எதுவும் சொல்லாதீர்.' பலகையோடு இமான் என்ற அதிகாரியும் வந்து சேர்ந்தாள். நாற்பது வயது, கனமான பை, உள்ளே தடித்த நோட்டு. மாட்டைப் பற்றி யாராவது அய்யாக்கண்ணுவிடம் ஏதாவது சொன்னால் ஆராய்ச்சி கலப்படமாகிவிடும். அதைப் பார்த்து எழுதுவது அவள் வேலை. காலை ஏழு மணிக்கு வந்து ஒரு மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மரியாதையான பெண்; கொடுத்த பாலைக் குடித்துவிட்டுக் காசு வைத்துவிடுவாள்.

பக்கத்துப் பண்ணைச் சின்னையா, ரொட்டிக் குவியலைப் பார்த்து "என்னண்ணே, இவ்ளோவும் மாட்டுக்கா" என்று கேட்டதோடு சரி. அந்தக் கேள்வியில் ஆலோசனை மறைந்திருக்கிறதா என்று மன்றம் அவரைக் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்க விசாரித்தது. அதற்குப் பிறகு அவர் மோட்டோர் சைக்கிளை வேறு பாதையில் ஓட்ட ஆரம்பித்தார். மீனாட்சியின் பாடு இன்னும் மோசம். கல்யாணமான நாளிலிருந்து மாட்டைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இல்லாமல் பொழுது போனதில்லை. இமான் அவளுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கினாள். மூன்றாம் நாளே அது நிரம்பிவிட, 'குடும்ப ஆலோசகர்' என்ற பிரிவில் பதிவு செய்துகொள்ளும்படியோ அல்லது பேசாமல் இருக்கும்படியோ மீனாட்சிக்குக் கடிதம் வந்தது. பதிவுக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அவள் பேசாமல் இருந்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி அதற்குமுன் இருந்ததில்லை. அய்யாக்கண்ணுவுக்கு அது பிடிக்கவில்லை.

ரொட்டியை மாட்டுக்கு ஒரு கூடை வீதம் போட்டார். முதல் வாரம் பால் ஏறியது. மாடுகள் போட்டி போட்டுத் தின்றன. சுயபுத்தியும் மோசமில்லை என்று அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. கூடையை ஒன்றரையாக்கினார்.

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை காலையில் மூன்று மாடுகள் எழுந்திருக்கவில்லை. இடது விலா உப்பியிருந்தது. சாணி தண்ணீராய்ப் போய் புளித்த வாடை அடித்தது. அந்த மூன்றில் ஒன்று கருப்பாயி. மீனாட்சி ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம் குடும்பம் முழுக்கச் சாப்பிட்டது அந்த ஒரு மாட்டின் பாலை விற்றுத்தான். அது வாயைத் திறக்காமல் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்திருந்தது.

டாக்டர் பிரியந்தி ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். வைத்தியத்துக்குத் தடையில்லையே. காடியை விட்டு இறங்கியவர் ரொட்டிக் குவியலைப் பார்த்ததும் அப்படியே நின்றார். இமான் நோட்டைத் திறந்தாள். டாக்டர் வாயை இறுக மூடிக்கொண்டு போய் மாட்டின் பக்கத்தில் மண்டியிட்டார். குழாய் விட்டார், சோடா மாவு கரைத்து ஊற்றினார், ஊசி போட்டார், நரம்பில் மருந்து ஏற்றினார். மூன்று மணி நேரம் அந்த அம்மா செய்யாத வேலையில்லை. அய்யாக்கண்ணு பக்கத்திலேயே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்று, எதனால் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினார்.

டாக்டர் எழுந்தார். ரொட்டிக் குவியலைப் பார்த்தார், கருப்பாயியைப் பார்த்தார், தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

கருப்பாயி பிழைக்காது என்கிறார் என்று நினைத்து அய்யாக்கண்ணு தரையில் உட்கார்ந்து அழுதார்.

அந்தத் தலையாட்டலை இமான் 'சைகை மூலமான ஆலோசனை, அரை அலகு' என்று எழுதினாள். மன்றம் அவசரமாகக் கூடியது. பிரியந்தி சிறு வயதிலிருந்து தெரிந்த பிள்ளை என்பதால் தலைவர் சீட்டைப் பறிக்கவில்லை, எச்சரிக்கையோடு விட்டார். சீட்டுப் போனால் தெற்குப் பக்கத்து அறுபத்து மூன்று பண்ணைக்கும் ஊசி போட ஆளிருக்காது என்பது பிரியந்திக்கும் தெரியும், மன்றத்துக்கும் தெரியும். மறுநாளிலிருந்து வைத்தியத்துக்கு வரும்போது கழுத்தில் பட்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவாயிற்று. விபத்தில் அடிபட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் மாட்டிவிடுவார்களே, அந்தக் கெட்டிப் பட்டை. மன்றமே வாங்கி அனுப்பியது. அதைப் போட்டுக்கொண்டு டாக்டர் குனிந்து மாட்டின் வயிற்றைத் தட்டிப் பார்ப்பதற்குள் படாத பாடு பட்டார். கண்ணை மட்டும் ரொட்டிப் பக்கம் திருப்புவார். கண்ணுக்கும் ஒரு விதி வருவதற்கு முன்னால் ஆறு வாரம் முடிந்துவிட்டது.

கருப்பாயி புல்லை மோந்துகூடப் பார்க்கவில்லை. ரொட்டியை மட்டும் லேசாக நக்கியது. நோய்வாய்ப்பட்ட வாய்க்கு இதமாக இருக்கட்டும், பலம் வரட்டும் என்று அய்யாக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்து, வெள்ளை ரொட்டியைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து, பிசைந்து, கையால் ஊட்டினார். நல்லாயிருக்கிற மாடுகளுக்கும் எதிர்ப்பு சக்தி வேண்டும் என்று இன்னும் அரைக்கூடை கூட்டினார். இமான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். கருப்பாயிக்கு ஊட்டிய அன்று மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய் மரத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். பிறகு அதையும் எழுதினாள். எழுதாமல் விட்டால் அவள் வேலை போய்விடும்.

ஆறு வார முடிவில் கருப்பாயியோடு சேர்த்துப் பத்து மாடுகள் போய்விட்டன. நான்கு மிஞ்சின.

மன்றத்தின் முடிவறிவிப்பு விழா கடற்கரையோரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. அய்யாக்கண்ணுவுக்குக் காடி அனுப்பினார்கள். முன்வரிசையில் பெயர் ஒட்டிய நாற்காலி. மீனாட்சி வர மறுத்துவிட்டாள். குத்துவிளக்கு, தேசிய கீதம், வரவேற்பு நடனம் எல்லாம் முடிந்த பிறகு அப்புத்துரை மேடையேறினார்.

"பத்து மாடுகள்" என்று ஆரம்பித்து, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். "நாங்கள் நான்கைத்தான் எதிர்பார்த்தோம். ஐயா அய்யாக்கண்ணு பத்து தந்தார். இந்தப் பத்து இல்லாவிட்டால் இன்றைக்கும் நாங்கள் ஆலோசனையை இரண்டு போத்தல் பாலுக்கு விற்றுக்கொண்டிருப்போம். ஒரு மருத்துவர் வாய் திறக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை இன்று நிரூபித்திருக்கிறோம். எங்கள் மௌனத்தின் பலம் இவ்வளவு என்றால், எங்கள் பேச்சின் விலை எவ்வளவு இருக்க வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள்."

ஒப்பிட்டுப் பார்க்கப் பாலிக் புலாவில் ஒரு பண்ணைக்கு ஆலோசனை சொல்லப்பட்டது என்று ஜாஹிர் விளக்கினான். அங்கே ஒரு மாடும் சாகவில்லை. டுரியான் தோப்புக்கு நடுவில் இருக்கும் அந்தப் பண்ணைக்கு ரொட்டி லோரியே போவதில்லை என்பதால், ஆலோசனை நூறு சதவீதம் பின்பற்றப்பட்டது. செத்த பத்து, சாகாத பத்து, வித்தியாசம் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தின் விலை பத்து மாட்டின் விலையில் இருபதில் ஒரு பங்கு என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. வாக்கியம் இதோ, என்று திரையைக் காட்டினான்.

திரையில் பெரிய எழுத்தில் வந்தது: 'ரொட்டியை மாட்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல் போடாதே, புல் தின்ற பிறகு போடு, மாடு சோர்ந்தால் ரொட்டியை அடியோடு நிறுத்து.'

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அய்யாக்கண்ணுவும் எழுந்தார், எல்லோரும் எழுந்ததால். திரும்பத் திரும்பப் படித்தார். கருப்பாயியின் நாக்கு தன் உள்ளங்கையைச் சொரசொரவென்று நக்கியது ஞாபகம் வந்தது. சால்வை போர்த்தினார்கள், கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள், இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைப் பார்த்தபடி நின்றார். அடக்கமான மனிதர் என்று தலைவர் சொல்லி இறக்கிவிட்டார்.

டாக்டர் பிரியந்தி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அய்யாக்கண்ணு கேடயத்தைச் சுமந்துகொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து அவரிடம் போனார்.

"அம்மா, அன்னிக்கு தலைய ஆட்டுனீங்களே. அது கருப்பாயிக்கா, ரொட்டிக்கா?"

"ரொட்டிக்குத்தாண்ணே."

"நான் கருப்பாயிக்குன்னு நெனச்சிட்டேம்மா."

டாக்டர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். எல்லோரும் பார்க்க அந்த அம்மா தேம்பித் தேம்பி அழுதார். அய்யாக்கண்ணுவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. பதினோரு பேரில் ஒவ்வொருத்தரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருந்தார்கள். இமான் பால் குடித்த காசைக்கூட வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

வெளியே வரும்போது சித்தி ஹாஜரா ஓர் உறையை நீட்டினாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நீட்டினாள். திரையில் வந்த வாக்கியத்தைப் படித்துவிட்டபடியால் அவர் இப்போது ஆலோசனை பெற்ற பண்ணைக்காரராகிவிட்டார். அதற்குரிய பில் உள்ளே இருந்தது. இரண்டாவது வரியில், தலையாட்டலுக்கு விளக்கம் பெற்ற வகையில் அரை அலகு. அதை ஜாஹிர் பக்கத்து வரிசையிலிருந்து கேட்டிருக்கிறான். கேடயம் வாங்கியவர் என்பதால் பத்து சதவீதக் கழிவு.

பில்லுக்கு ஒரு மாட்டை விற்றார். மூன்று மிஞ்சின.

அதற்குப் பிறகு டாக்டர்கள் தாராளமாகப் பேசலாம் என்று ஆயிற்று. விலைப் பட்டியல் எல்லாக் காடியிலும் ஒட்டியாயிற்று. ஆனால் தெற்குப் பக்கத்தில் மாட்டு டாக்டரின் காடி வரும் சத்தம் கேட்டால் பண்ணைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சிலர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டதாகக்கூடச் சொன்னார்கள்.

ஒரு நாள் காலையில் அய்யாக்கண்ணுவின் கடைசி மூன்றில் ஒன்று, தலை ஈற்றுக் கிடாரி, கன்று போட்டுவிட்டு நஞ்சுக்கொடி விழாமல் நின்றது. டாக்டரைக் கூப்பிட்டார். பிரியந்தி வந்தார், கையுறை போட்டார், பார்த்தார், ஊசி போட்டார். கையைக் கழுவிவிட்டு, பழைய பழக்கத்தில் காடிக் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அண்ணே, இதுக்கு இனிமே..."

அய்யாக்கண்ணு இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டார்.

"வேணாம்மா. ஊசி போட்டாச்சில்ல, அதுக்கு காசு தரேன். பேசாதீங்கம்மா."

"நான் பில்லு எழுத மாட்டேண்ணே. யாருக்கும் தெரியாது."

"அப்பவும் ஒண்ணும் தெரியாமத்தாம்மா கையெழுத்துப் போட்டேன்."

டாக்டர் காடிக்குள் வைத்த காலை எடுத்தார். விதியில் ஆலோசனை பெறுபவர் என்றால் உரிமையாளர் என்று மட்டும்தான் இருக்கிறது, மாட்டிடம் சொன்னால் பில் கிடையாது, நீங்கள் சும்மா பக்கத்தில் நில்லுங்கள் போதும் என்றார். மறுபடியும் உள்ளே போய்க் கிடாரியின் முன்னால் நின்று, அதன் முகத்தைப் பார்த்து, வெளியே கேட்கும்படி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். கொடியைக் கையால் இழுக்கக் கூடாது. காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்க வேண்டும். நாலாம் நாளும் விழாவிட்டால், நாற்றம் வந்தால், மறுபடி கூப்பிட வேண்டும். தண்ணீர் எவ்வளவு, புல் எவ்வளவு, கன்றுக்குச் சீம்பால் எத்தனை வேளை.

அய்யாக்கண்ணு முதல் வாக்கியம் காதில் விழுந்ததுமே நகர்ந்துவிட்டார். நிற்க அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் காதில் விழுந்துவிட்டால், விழவில்லை என்று யாரிடம் போய் நிரூபிப்பது? கொட்டகையைத் தாண்டி, கால்வாயைத் தாண்டி, செம்பனை மரங்களுக்குள் நுழைந்து, அந்த அம்மாவின் குரல் கொஞ்சமும் கேட்காத தூரம்வரை நடந்துபோய் நின்றுகொண்டார்.

டாக்டர் அரைமணி நேரம் பேசினார். கிடாரி அசைபோட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.